வீட்டு ஆடியோவில் வேண்டாத ஒலி: கண்டுபிடிப்பதும் களைவதும்



சென்ற பொங்கல் விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், வீட்டில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?" மூவரில் ஒருவர், தம் வீட்டில் மெக்கானிக் வந்து அதைச் சரிசெய்துவிட்டதாகவும் சொன்னார். எப்படி என்று கேட்டேன். "பிளக்குக்குள் இருந்த பச்சை ஒயரைக் கழற்றிவிட்டார் சார். சத்தம் அப்படியே நின்றுபோயிற்று" என்றார் சந்தோஷமாக. அன்று இரவே அவருடன் அவர் வீட்டுக்குப் போய், அந்த ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் நான் வீடு திரும்பினேன். சத்தமும் திரும்பி வந்தது. அவருடைய மனைவிக்கு என்மேல் சற்று வருத்தம்தான்.

அந்தப் பச்சை ஒயரை ஏன் மாட்டினேன், பிறகு அந்தச் சத்தத்தை எப்படிப் போக்கினோம் என்று எல்லோருக்கும் பயன்படும்படி எழுதச் சொன்னார் செயலாளர். எழுதியிருக்கிறேன். படித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். மின்சாரப் படிப்பு தேவையில்லை.

பாதியாக வெட்டும் முறை

நான் திருச்சியில் டிப்ளமோ முடித்து 1981-இல் ரயில்வேயில் தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்தவன். நாக்பூருக்கு வந்தவன் இங்கேயே தங்கி, 2020-இல் ஓய்வு பெற்றேன். என் வேலையின் பெரும்பகுதி இரைச்சலைத் தேடிப் போவதுதான். நாங்கள் சேர்ந்த காலத்தில் கண்ட்ரோல் ஆபீசிலிருந்து ஒரு பிரிவின் எல்லா ஸ்டேஷன்களுக்கும் ஒரே தொலைபேசி இணைப்பு ஓடும். எந்த ஸ்டேஷனில் கோளாறு வந்தாலும் அந்த இணைப்பு முழுவதும் இரையும். "ஒன்றுமே கேட்கவில்லை" என்று கண்ட்ரோலர் கத்துவார். வண்டிகள் நிற்கும்.

அப்போது மூத்த இன்ஸ்பெக்டர் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது: முதல் ஸ்டேஷனிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகாதே. நடு ஸ்டேஷனில் லைனைப் பிரி. இரைச்சல் நின்றால் கோளாறு அந்தப் பக்கம். நிற்காவிட்டால் இந்தப் பக்கம். மிச்சமிருக்கும் பாதியை மறுபடியும் பாதியாக்கு. பதினாறு ஸ்டேஷன் உள்ள பிரிவில் இப்படி நான்கே சோதனையில் கோளாறு உள்ள இடம் தெரிந்துவிடும்.

வீட்டு ஆடியோவும் அப்படிப்பட்ட ஒரு லைன்தான். ஒரு முனையில் கேசட் டெக்கோ, டிவியோ, ரெக்கார்டு பிளேயரோ இருக்கிறது. நடுவில் ஆம்ப்ளிஃபயர். மறுமுனையில் ஸ்பீக்கர். யாரையும் கேட்காமல், எதையும் வாங்காமல், முதலில் எந்தப் பாதியில் சத்தம் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய ஒயரை மாற்று, புது ஸ்பீக்கர் வாங்கு என்று கடைக்காரர் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் செய்த தவறு

பச்சை ஒயரைக் கழற்றியவரை நான் குறைசொல்ல முடியாது. 1987-இல் அதே காரியத்தை நானே செய்தவன்.

அப்போது ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஆசையாக ஓர் ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்டு பிளேயரும் வாங்கியிருந்தேன். ஆம்ப்ளிஃபயருக்குக் கூடத்து சாக்கெட்டிலிருந்து மின்சாரம். பிளேயருக்கு உள்ளறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்திருந்தேன். இரண்டையும் இணைத்தால் 'ம்ம்ம்'. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைத் திறந்து எர்த் ஒயரை வெட்டினேன். வீடு நிசப்தமாயிற்று. டிப்ளமோ படித்தவன் அல்லவா, பெருமையாக இருந்தது.

ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் பிளேயரை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். ஆம்ப்ளிஃபயர் மட்டும் தனியாக இருந்தது. என் மனைவி ஈரத் துணியால் அலமாரியைத் துடைத்துக்கொண்டே வந்து, ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டியைத் தொட்டாள். தரையும் ஈரம். தூக்கிப் போட்டதில் தலை அலமாரிக் கதவில் மோதி விழுந்தாள். அப்போது எங்கள் மூத்த பெண் அவள் வயிற்றில் ஐந்து மாதம். கடவுள் புண்ணியத்தில் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மின் ஒயர் உள்ளே நுழையும் துளையில் இருக்க வேண்டிய ரப்பர் புஷ் விழுந்துபோயிருந்தது. தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்து, உள்ளே இருந்த பேஸ் கம்பி பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எர்த் ஒயர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கம்பி பெட்டியைத் தொட்ட அந்த விநாடியே மின்சாரம் எர்த் வழியாகப் பாய்ந்து ஃபியூஸ் போயிருக்கும். வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த ஆறு மாதமும் எங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் என்று இருந்தது, பிளேயரிலிருந்து வந்த மெல்லிய ஆடியோ ஒயரின் ஷீல்டு மட்டும்தான். பிளேயரை எடுத்ததும் அதுவும் போயிற்று.

இதில் வேதனை என்னவென்றால், அந்தச் சத்தத்தைப் போக்க எதையும் வெட்டத் தேவையே இருக்கவில்லை. இரண்டு பிளக்குகளையும் ஒரே பலகையில் செருகியிருந்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

எர்த் ஏன் பாடுகிறது?

இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால், நடுவில் குழாய் போட்டாலும் தண்ணீர் ஓடாது. மட்டம் ஓர் அங்குலம் வேறுபட்டாலும் ஓடும். எர்த்தும் அப்படித்தான். கூடத்து எர்த்தும் உள்ளறை எர்த்தும் பெயரளவில் ஒன்றே. ஆனால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றின் சிறு கசிவு அந்த ஒயர்களில் ஓடுவதால், இரண்டுக்கும் இடையில் சில மில்லி வோல்ட் வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். இரண்டு கருவிகளையும் ஆடியோ ஒயரால் இணைத்தவுடன் அந்த ஒயரின் ஷீல்டு, தொட்டிகளுக்கு நடுவில் போட்ட குழாய் ஆகிவிடுகிறது. அதில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுகிறது. அதுவே பாட்டோடு கலந்து ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைகிறது. இப்படி எர்த் ஒரு வளையமாகச் சுற்றி வருவதால் இதை எர்த் லூப் என்பார்கள்.

சில மில்லி வோல்ட் பெரிதா என்று கேட்கலாம். டிவியிலிருந்து வரும் ஆடியோ சிக்னல் சுமார் 300 மில்லி வோல்ட். அதனால் அங்கே 1 மில்லி வோல்ட் கலந்தால் அமைதியான நேரத்தில் மட்டும் கேட்கும். ரெக்கார்டு பிளேயரின் ஊசியிலிருந்து வருவதே சுமார் 5 மில்லி வோல்ட்தான். அங்கே அதே 1 மில்லி வோல்ட் கலந்தால் பாட்டு கேட்க முடியாது.

ரயில்வேயில் இதையே பெரிய அளவில் பார்த்திருக்கிறோம். 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் முறையில் பாதையை மின்மயமாக்குவது என்று இந்திய ரயில்வே 1957-இல் முடிவெடுத்தது. அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் கம்பத்தில் ஓடும் தொலைபேசி ஒயரில் இரைச்சல் தானாக ஏறிவிடும். அதனால்தான் மின்மயமாகும் பாதைகளில் தொலைபேசி ஒயர்களைக் கம்பத்திலிருந்து இறக்கி, ஜோடி ஜோடியாக முறுக்கிய கேபிளாகப் பூமிக்கடியில் போட்டார்கள். முறுக்கிய ஜோடியில் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் சமமாக ஏறுவதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எர்த்தை யாரும் வெட்டவில்லை. இரைச்சல் வரும் வழியைத்தான் அடைத்தார்கள்.

முதலில் காதால் பிரியுங்கள்

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

மிகத் தாழ்ந்த, உருண்டையான 'ம்ம்ம்' என்றால் அது 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் எர்த் லூப், அல்லது எங்கோ ஷீல்டு விட்டுப்போயிருக்கிறது.

அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, சற்றுக் கரகரப்போடு வந்தால் அது 100 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளையில் உள்ள பெரிய கண்டென்சர்கள் வற்றிவிட்டன என்று அர்த்தம். ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும்போது 50 இரட்டித்து 100 ஆகிறது. பாட்டு தெரிந்தவர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். ஒரு கட்டை சுருதிக்குக் கூட்டிய ஆண்குரல் தம்புராவின் பஞ்சமத் தந்தி சுமார் 98 ஹெர்ட்ஸ். எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயரைக் கேட்டுவிட்டு என் மனைவி, "யாரோ பஞ்சமத்தை மட்டும் மீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே" என்றாள். மீட்டர் வைத்துப் பார்க்காமலே கோளாறு விளங்கிவிட்டது.

கூர்மையான 'ஸ்ஸ்ர்ர்' என்ற சத்தம், ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பினால் மாறுகிறது என்றால், குற்றவாளி ரெகுலேட்டர்தான். மட்டமான எல்இடி விளக்குகளும் இதைச் செய்யும்.

வால்யூம் திருகைத் திருப்பும்போது மட்டும் 'கரமுர' என்றால் திருகுக்குள் தூசு.

'டிக்-டிகி-டிக்' என்று ஓசை எழுந்து, சற்று நேரத்தில் போன் மணி அடித்தால் அது 2ஜி மொபைலின் வேலை. போனை இரண்டு அடி தள்ளி வையுங்கள்.

மழை தூறுவது போன்ற 'ஸ்ஸ்ஸ்' எல்லாக் கருவியிலும், எல்லா கேசட்டிலும் ஓரளவு இருக்கும். வால்யூமை முழுவதும் ஏற்றினால் மட்டும் கேட்கிறதென்றால் அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

கடைசியாக, சத்தம் ஸ்பீக்கரில் இல்லாமல் ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலிருந்தே வருகிறதா என்று காதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியானால் அது டிரான்ஸ்ஃபார்மர் தகடுகள் அதிர்வது. ஒயர்களைத் தேடிப் பயனில்லை.

எங்கள் வீட்டுச் சோதனை

இந்த முறையை ஓர் உதாரணத்தோடு சொன்னால் நன்றாக விளங்கும். என் தாயார் நீடாமங்கலத்தில் இருந்தார். எழுதத் தெரியாது. 1986-இல் என் அக்கா மகன் ஒரு டேப் ரெக்கார்டர் வைத்து, அம்மாவை எனக்காகப் பேசச் சொல்லி, அந்த கேசட்டைத் தபாலில் அனுப்பினான். அம்மா குரல் என்று எங்களிடம் இருப்பது அந்த அரை மணி நேரம்தான். சென்ற ஆண்டு, புனேயில் இருக்கும் என் பேத்திக்காக அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முயன்றேன். டெக்கையும் பழைய ஆம்ப்ளிஃபயரையும் இணைத்துப் போட்டால் அம்மா குரல் அடியில், இரைச்சல் மேலே.

1. ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை முழுவதும் குறைத்தேன். இதுதான் நடு ஸ்டேஷன். சத்தம் வால்யூமோடு குறைந்தால் கோளாறு அதற்கு முன்னால், அதாவது டெக், டிவி, ஒயர் பக்கம். குறையாவிட்டால் அதற்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயருக்குள். எங்கள் வீட்டில் பாதி குறைந்தது, பாதி நின்றது. ஆகவே கோளாறு ஒன்றல்ல, இரண்டு. நின்றது தம்புரா பஞ்சமம்.

2. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, பின்னால் செருகியிருந்த எல்லா ஆடியோ ஒயர்களையும் எடுத்தேன். மறுபடி போட்டு வால்யூமை ஏற்றினேன். தாழ்ந்த 'ம்ம்ம்' இல்லை. ஆக அது வெளியிலிருந்து வருகிறது. அணைக்காமல் ஒயரை எடுக்கவோ செருகவோ கூடாது. நடு முள் முதலில் பட்டு 'டம்' என்று ஓர் அடி அடிக்கும். ஸ்பீக்கர் போய்விடும்.

3. ஒவ்வோர் ஒயராகத் திரும்பச் செருகினேன். டெக்கைச் செருகியதும் அமைதி. டிவி செட்டாப் பாக்ஸின் ஒயரைச் செருகியதும் 'ம்ம்ம்'.

4. செட்டாப் பாக்ஸின் பின்னாலிருந்து டிஷ் ஆன்டெனா கேபிளைக் கழற்றினேன். சத்தம் நின்றது. டிஷ் எங்கள் மொட்டை மாடியில் இரும்புக் கைப்பிடியில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. கைப்பிடி கட்டடத்துக் கம்பியோடு சேர்ந்து பூமியைத் தொடுகிறது. இன்னொரு பக்கம் ஆம்ப்ளிஃபயர் மூன்று முள் பிளக் வழியாகப் பூமியைத் தொடுகிறது. இரண்டு தொட்டிகள், நடுவில் குழாய்.

நான்கு சோதனை, இருபது நிமிடம். ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட எடுக்கவில்லை.

களையும் வழிகள்

எர்த் லூப்புக்கு முதல் மருந்து இலவசமானது. ஆடியோவைச் சேர்ந்த எல்லா பிளக்குகளையும் ஒரே சாக்கெட்டிலிருந்து வரும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள். எல்லாவற்றின் எர்த்தும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இதிலேயே பல வீடுகளின் சத்தம் நின்றுவிடும். பொங்கல் விழாவில் கேட்ட அந்த நண்பர் வீட்டில் இதுவேதான் நடந்தது.

அதிலும் நிற்காமல், ஆன்டெனா கேபிள் போல வேறு வழியாக எர்த் வந்தால், ஆடியோ ஒயரின் நடுவில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் என்ற சிறு பெட்டியைப் போட வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இதற்கு மின்சார இணைப்பு கிடையாது. உள்ளே இரண்டு சுருள்கள் இருக்கும். பாட்டு ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்குக் காந்தத்தின் வழியாகத் தாவும். கம்பித் தொடர்பு இல்லாததால் எர்த் மின்சாரம் தாவாது. டெலிபோன் லைனில் நாங்கள் பல ஆண்டு பயன்படுத்தியதும் இதே தத்துவம்தான். உங்கள் டிவியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் சாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. ஒளி வழியாகப் பாட்டு போகும். ஒளிக்கு எர்த் இல்லை.

லேப்டாப்பை இணைக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நான் அப்படித்தான் செய்தேன்.

ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள், அதிலிருந்து தனியாக வரும் மெல்லிய ஒயரை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் உள்ள எர்த் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவும். பிளேயரை ஆம்ப்ளிஃபயரின் மேலே வைக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தம் ஊசியில் ஏறும்.

ஆடியோ ஒயரையும் மின் ஒயரையும் சேர்த்துக் கட்டாதீர்கள். அழகாக இருக்கட்டும் என்று ஒரே கட்டாகக் கட்டுவது பெரும் தவறு. குறுக்கே போக வேண்டியிருந்தால் சிலுவை போல நேர்க்குறுக்காகப் போகட்டும்.

100 ஹெர்ட்ஸ் கோளாறுக்கு கண்டென்சர் மாற்ற வேண்டும். கண்டென்சரின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த கணக்கு. நாக்பூர் வெயிலில், மூடிய ஷோகேஸுக்குள் வைத்த ஆம்ப்ளிஃபயர் சீக்கிரம் கெடுவதில் ஆச்சரியமில்லை. மேலே நான்கு விரற்கடை இடம் விடுங்கள். கண்டென்சரை நீங்களே மாற்ற முயலாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, "பவர் சப்ளை கண்டென்சர்களைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். கோளாறு எங்கே என்று சொல்லிக் கொடுத்தால் செலவும் குறையும்.

வால்யூம் திருகின் 'கரமுர'வுக்கு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயைத் திருகுக்குள் சிறிது அடித்து, இருபது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். அவை தூசியைக் கூட்டி வைக்கும்.

ரெகுலேட்டர், எல்இடி விளக்கு போன்றவற்றைக் கண்டுபிடிக்க ஒரு பழைய உபாயம். பேட்டரியில் ஓடும் சிறு ரேடியோவை மீடியம் வேவில், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் நடங்கள். எந்த விளக்கின் அருகில், எந்த அடாப்டரின் அருகில் அது சீறுகிறதோ அதுதான் குற்றவாளி.

எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்

மூன்று துளை சாக்கெட் இருந்தால் எர்த் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். பல வாடகை வீடுகளில் மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இருப்பதில்லை. எலெக்ட்ரீஷியனை மல்டிமீட்டருடன் வரவழைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் சுமார் 230 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் சில வோல்ட்தான் இருக்க வேண்டும். இரண்டாவது அளவு மிகக் குறைந்தாலோ, மூன்றாவது அளவு பத்து, இருபது என்று ஏறினாலோ எர்த் சரியில்லை. தனி வீட்டுக்காரர்கள் கோடைக்காலத்தில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டுக்கொள்ளுங்கள். 1987-இல் எங்கள் வீட்டில் அது இல்லை.

எர்த் முள் மற்ற இரண்டையும்விடத் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செருகும்போது முதலில் பட வேண்டும், எடுக்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காகவே அதை நீளமாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டு முள்ளோடு வரும் கருவிகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. அவற்றின் பின்புறம் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கும். உள்ளே இரட்டை இன்சுலேஷன் செய்திருக்கிறார்கள். அவற்றுக்கு எர்த் தேவையில்லை. ஆனால் கம்பெனியிலிருந்து மூன்று முள்ளோடு வந்த கருவிக்கு மூன்றும் வேண்டும். அதை இரண்டாக்க யாருக்கும் உரிமை இல்லை, மெக்கானிக்குக்கும் இல்லை, டிப்ளமோ வைத்திருப்பவருக்கும் இல்லை.

கேசட்டில் மிச்சமிருந்த சத்தம்

டிஷ் ஒயருக்கு டிரான்ஸ்ஃபார்மர் போட்டாயிற்று. கண்டென்சர்களும் மாற்றியாயிற்று. மறுபடி அம்மாவின் கேசட்டைப் போட்டேன். இன்னும் மெல்லிய ஒரு 'ம்ம்ம்'. டெக்கில் பாஸ் பொத்தானை அழுத்தினேன். நின்றது. விட்டேன். வந்தது. இதையும் நினைவில் வையுங்கள்: டேப்பை நிறுத்தினால் நிற்கும் சத்தம் டேப்பிலேயே பதிவானது. 1986-இல் அக்கா மகன் டேப் ரெக்கார்டரை பேட்டரியில் ஓட்டாமல் அடாப்டரில் ஓட்டியிருக்கிறான். அதற்கு ஒயரில் மருந்து கிடையாது. கம்ப்யூட்டரில் 50, 100 ஹெர்ட்ஸ் இரண்டையும் மட்டும் குறுகலாக வெட்டி எடுத்தேன். பெண்கள் குரலின் அடிச் சுருதி பொதுவாக 200 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் அம்மா குரலுக்குச் சேதமில்லை.

பேத்தி தீபாவளிக்கு வந்தபோது எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். பதினேழாவது நிமிடத்தில் தூரத்தில் ஒரு விசில். பிறகு மீட்டர் கேஜ் நீராவி வண்டியின் மூச்சுச் சத்தம் நெருங்கி வருகிறது. "இருடா, வண்டி போயிடட்டும்" என்கிறார் அம்மா. யாரும் பேசவில்லை. வண்டி முழுவதும் கடந்துபோகிறது. பிறகு, "ஆங், என்ன சொல்லிட்டிருந்தேன்" என்று தொடங்குகிறார்.

"தாத்தா, அந்த டிரெயின் சத்தத்தையும் எடுத்துடலாமா? கம்ப்யூட்டர்ல முடியும்" என்றாள் பேத்தி.

என் மனைவி முந்திக்கொண்டு, "அது இருக்கட்டும்டி" என்றாள்.

அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட பழைய கேசட்டுகள் இருக்கலாம். டேப் நாளாக நாளாக நைந்துபோகும். தள்ளிப்போடாதீர்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் சங்க நூலகத்தில்தான் இருப்பேன். சத்தம் எப்படிப்பட்டது, வால்யூமைக் குறைத்தால் குறைகிறதா, எந்த ஒயரை எடுத்தால் நிற்கிறது, இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். மீதியைச் சேர்ந்து பார்ப்போம். ஆனால் பச்சை ஒயரை மட்டும் தொடாதீர்கள்.